நர்சக்கா, ஒண்ணு கேக்கலாமா? – கருத்தடையின் கதை பற்றி அடிக்கடி வந்த கேள்விகள்

களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் நடுவில் உள்ள ஊர்களில் 28 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் மகளிர் குழுக் கூட்டம், கல்யாண வீட்டு அடுக்களை, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய்க் கேட்கிறார்கள். எந்த மாத்திரை நல்லது என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் "இதை யார் கொண்டு வந்தா, எங்க அம்மைக்கு ஏன் இது தெரியாமப் போச்சு" என்பதில் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம்... எல்லாம் ஒண்ணுதானே?

மருந்தும் சாதனமும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு காலம் இருக்கிறது. 1920, 30-களின் தமிழ்ப் பத்திரிகைகளில் 'கர்ப்பத்தடை' என்று எழுதினார்கள். அமெரிக்காவில் மார்கரெட் சாங்கர் என்ற நர்ஸ் 1914-ல் தன் பத்திரிகையில் புழக்கத்துக்குக் கொண்டு வந்த 'பர்த் கண்ட்ரோல்' என்ற சொல்லுக்கு ஈடாக வந்தது அது. 1952-ல் இந்திய அரசு, உலகத்திலேயே முதல் நாடாக, இதை ஒரு தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர் ஊர் ஊராகச் சுவரில் ஏறியது. எமர்ஜென்சிக்குப் பிறகு, 1977-ல், அந்தப் பெயரையே மக்கள் வெறுத்துப் போனதால் 'குடும்ப நலம்' என்று மாற்றினார்கள். அந்தக் கதை கீழே வருகிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதானே, அதுக்கு முன்னால நம்ம பாட்டிமாருக்கு ஒண்ணும் தெரியாதா?

தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் சரியாக இருந்தது, மீதி ஆளைக் கொன்றது. குழந்தைக்கு இரண்டு மூன்று வயது வரை தாய்ப்பால் கொடுத்தார்கள், பேறுகாலத்துக்குத் தாய் வீடு போனவள் மாதக்கணக்கில் திரும்பி வரமாட்டாள், இரண்டும் பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி தந்தன. தாய்ப்பால் விஷயத்தை இன்றைய மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் மூன்று நிபந்தனை: குழந்தை ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், பாலைத் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது, தாய்க்கு மாதவிலக்கு திரும்பி வந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது.

கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். கர்ப்பப்பை கிழிந்து, சீழ் பிடித்து, "காய்ச்சல்ல செத்துப் போனா" என்று வெளியே சொல்லி எடுத்துக்கொண்டு போன பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. என் பாட்டி 11 பெற்றாள், 5 பிழைத்தது. பன்னிரண்டாவது கரு தங்கியபோது என்ன செய்தாள் என்பதை அம்மை என்னிடம் சொன்னது நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

முதல்ல வெளிப்படையா இதைப் பேசினது யாரு?

பலர் பேசினார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் அதற்கு விலை கொடுத்தார்கள். 1832-ல் சார்லஸ் நோல்ட்டன் என்ற அமெரிக்க டாக்டர் கருத்தடை பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டு ஜெயிலுக்குப் போனார். அதே புத்தகத்தை 1877-ல் லண்டனில் மறுபடி அச்சடித்து, வேண்டுமென்றே வழக்கை வரவழைத்து, கோர்ட்டில் தானே நின்று வாதாடியவர் அன்னி பெசன்ட். ஆமாம், பிறகு அடையாறுக்கு வந்த அதே அன்னி பெசன்ட்தான். கூட நின்றவர் சார்லஸ் பிராட்லா. தண்டனை மேல்முறையீட்டில் விழுந்துவிட்டது, ஆனால் அடுத்த வருடம், இப்படிப்பட்ட தாயிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று மகளைக் கோர்ட்டு அவரிடமிருந்து பிரித்தது. பிரம்மஞான சபைக்குப் போன பிறகு கருத்தடை பற்றித் தான் எழுதிய புத்தகத்தை அவரே விற்பனையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

சாங்கர் நியூயார்க்கின் ஏழைப் பகுதிகளில் பிரசவம் பார்க்கப் போன நர்ஸ். மேலே எருக்கங்குச்சி பற்றிச் சொன்னேனே, அதன் அமெரிக்க வடிவங்களை அவர் கண்ணால் பார்த்தவர். 1916 அக்டோபரில் புரூக்ளினில் ஒரு கிளினிக் திறந்தார், பத்து நாள்கூட ஓடவில்லை, போலீஸ் மூடியது, 30 நாள் சிறை. நம் நாட்டில் பம்பாயில் ர.தோ. கார்வே என்ற கணிதப் பேராசிரியர் 1921-ல் கிளினிக் தொடங்கினார், கல்லூரி வேலை போயிற்று. 1927-லிருந்து 1953-ல் சாகும் வரை இதற்காகவே ஒரு மராத்திப் பத்திரிகையை, வழக்குகளையும் கடனையும் சுமந்துகொண்டு, விடாமல் நடத்தினார்.

இதுக்கும் நம்ம பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள், நம் தலைநகரம் திருவனந்தபுரம். அங்கேதான் 1935 டிசம்பர் கடைசியில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது, திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாய் தலைமை. மார்கரெட் சாங்கர் அந்த மாநாட்டுக்கு நேரில் வந்தார். கத்தோலிக்கப் பெண் பிரதிநிதிகள் எழுந்து கடுமையாக எதிர்த்தார்கள், விவாதம் நடந்தது, கருத்தடையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேறியது. பெண்களே கூடிப் பெண்களே எதிர்த்துப் பெண்களே முடிவெடுத்த இந்தக் காரியம் நடந்த இடம், களியக்காவிளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் எனக்கு இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை, செவிலியர் பயிற்சியிலும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் ரப்பர். 1960-களில் அரசாங்கம் மலிவு விலையில் ஆணுறை விற்க முடிவு செய்தது, 1968-ல் நிரோத் வந்தது, மூன்று ஆணுறை 15 பைசா. உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேட்டக்ஸ் தொழிற்சாலையைக் கட்டி, 1969-ல் உற்பத்தி தொடங்கினார்கள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் ஓர் அக்கா நிரோத் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தை மூடிக்கொள்வாள். "அக்கா, நீங்க விடியக்காலம் சிரட்டையில எடுக்கிற பால் மாதிரிப் பால்தான் அது" என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தக் கூச்சம் குறைந்துவிட்டது.

காந்தி கூடாதுன்னார், பெரியார் வேணும்னார். ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டாங்க?

நேருக்கு நேர் சண்டை இல்லை. காந்தி பிள்ளைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை, சாதனத்தைத்தான் மறுத்தார், புலனடக்கமே வழி என்றார். 1935 டிசம்பரில் சாங்கர் வார்தாவுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். இருவரும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பயணத்திலேயேதான் சாங்கர் திருவனந்தபுரமும் வந்தது.

பெரியார் வாதம் வேறு திசை. அன்றைக்குக் கருத்தடையை ஆதரித்தவர்களில் பலர் பெண்ணின் உடல் தேறும், குடும்பச் செலவு குறையும், நாட்டு வறுமை தீரும் என்று காரணம் சொன்னார்கள். பெரியார் அந்தக் காரணங்களோடு நிற்கவில்லை. பெண் சுதந்திரமாக இருப்பதற்குப் பிள்ளைப்பேறே தடையாக நிற்கிறது, அதனால் அவளுக்குக் கருத்தடை வேண்டும் என்றார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இதற்கென்றே 'கர்ப்பத்தடை' என்று ஒரு பகுதி இருக்கிறது. கணவனுக்கு மனம் இல்லாத வீட்டில் புலனடக்கத்தை யார் கடைப்பிடிப்பது? நான் 28 வருடம் நுழைந்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன், "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையே இல்லாதவளிடம் போய் அடக்கமாக இரு என்பது அவளுக்கு எந்த வகையிலும் உதவாது. பெரியார் பக்கம்தான் நான்.

லேடி டாக்டரே இல்லாத காலத்துல பொம்பளைங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

வயிற்றாட்டிதான், அதாவது ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பிறகு மெல்ல மெல்ல ஆஸ்பத்திரி வந்தது. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-லேயே வைத்தியப் பணியைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று பெண்ணைச் சாகவிட்ட வீடுகள் எல்லா ஊரிலும் இருந்தன. ஒரே ராத்திரியில் அப்படி மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார், 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

நம் பக்கத்தில் நான் மனதார வணங்குவது டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸை. திருவனந்தபுரம் கல்லூரியில் பெண் என்பதால் அறிவியல் படிக்க இடம் கொடுக்கவில்லை, வரலாறு படித்தார். பிறகு லண்டனுக்குப் போய் எம்.பி.பி.எஸ். முடித்து, 1916-ல் திரும்பி வந்து தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார். ஊர் வயிற்றாட்டிகளை அவர் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே கூப்பிட்டு முறையான பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், ஆஸ்பத்திரியில் படித்தவள் தன் மகள் என்றால் எந்த வயிற்றாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்வாள்? 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காச நோய் சானடோரியம் வந்ததும் அவர் முயற்சியால்தான்.

நாள் எண்ணிப் பாத்துக்கிட்டா போதாதா? எதுக்கு மாத்திரையும் மண்ணும்?

நாள் எண்ணுவதன் வரலாற்றைக் கேட்டால் உங்களுக்கே பயம் வரும். 19-ம் நூற்றாண்டு டாக்டர்கள், பெண்ணுக்கு மாதவிலக்கை ஒட்டித்தான் கரு தங்கும், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் உள்ள நாட்கள் பத்திரம் என்று நம்பினார்கள். அப்படியே எழுதியும் வைத்தார்கள். உண்மை நேர் தலைகீழ். 1920-களில் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னௌஸும் தனித்தனியாக ஆராய்ந்து, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்புதான் கருமுட்டை வெளிவருகிறது என்று காட்டினார்கள். அதுவரை டாக்டர் பேச்சைக் கேட்டு எண்ணியவர்கள் மிக ஆபத்தான நாட்களைப் பத்திரமான நாட்கள் என்று நினைத்து வாழ்ந்தார்கள்.

கவனியுங்கள், 'அடுத்த' மாதவிலக்குக்கு 14 நாள் முன்பு. அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாதவளுக்கு, அதாவது சுழற்சி சீராக இல்லாதவளுக்கு, பிரசவம் முடிந்து சில மாதமே ஆனவளுக்கு, இந்தக் கணக்கு உதவாது.

சிஸ்டர், எங்க கோயில்ல பாவம்னு சொல்லுதாங்க. அப்ப என்ன செய்ய?

உங்கள் விசுவாசத்துக்குள் நான் வரமாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1930 வரை பெரிய கிறிஸ்தவ சபைகள் எல்லாமே எதிர்த்தன. அந்த வருடம் ஆங்கிலிக்கன் ஆயர்கள் லாம்பெத் கூட்டத்தில், தக்க காரணம் இருந்தால் கூடும் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அதே வருட டிசம்பரில் போப் பதினோராம் பத்திநாதர் முடியாது என்று மூடினார், 1968-ல் போப் ஆறாம் பவுல் அதையே உறுதி செய்தார். சீர்திருத்த சபைகள் பிறகு இதை விசுவாசிகளின் மனசாட்சிக்கே விட்டுவிட்டன. கத்தோலிக்கத் திருச்சபை நாள் கணக்கு போன்ற இயற்கை முறைகளை அனுமதிக்கிறது, அதன் பலம் பலவீனத்தை இதற்கு முந்தைய கேள்வியில் சொல்லிவிட்டேன்.

கருத்தடை மாத்திரையைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த டாக்டர் ஜான் ராக், நாள்தோறும் பூசைக்குப் போன கத்தோலிக்கர். ஆண்டவர் முன்னால் தன் மனசாட்சிக்குத் தானே பொறுப்பு என்று அவர் நினைத்தார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும், மாமியாரோ நானோ உங்களுக்காகச் செய்ய முடியாது.

கேரளாவில பிள்ளை பெறுறது எப்படி அவ்வளவு சீக்கிரம் குறைஞ்சுது? அவங்களையும் மிரட்டினாங்களா?

1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1819-ல் நாகர்கோவிலில் மீட், மால்ட் என்ற மிஷனரிகளின் மனைவிகள் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் கொஞ்சம் தாமதமாகக் கல்யாணம் செய்தாள், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், குழந்தை பிழைத்தது. இருக்கிற பிள்ளைகள் சாகாது என்ற நம்பிக்கை வந்தவள் ஆறேழு பெற்றுத் தீர வேண்டியதில்லை.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை முகாம்களும் நடந்தன. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63 ஆயிரம் பேருக்கு மேல் அறுவை செய்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். வந்தவர்களுக்குப் பணமும் அரிசியும் துணியும் கொடுத்தார்கள். பசித்தவனுக்கு அரிசியைக் காட்டிக் கேட்டால் அது எவ்வளவு தூரம் அவன் சம்மதம் என்ற கேள்வி எனக்கு உண்டு. நம் சென்னை மாகாணமும் 1950-களின் கடைசியிலேயே அறுவை செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் கொடுத்தது. எர்ணாகுளம் மற்ற மாநிலங்களுக்கு ஒரு முன்மாதிரி ஆயிற்று.

எமர்ஜென்சில பிடிச்சுக்கிட்டுப் போய் வெட்டினாங்கன்னு எங்க மாமனார் சொல்லுவாரே, நெசமா?

நெசம். 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்கச் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள், அதில் முக்கால் பங்கு ஆண்களுக்கு. ஆசிரியர், போலீஸ், தாசில்தார் என்று எல்லோருக்கும் இலக்கு வைத்தார்கள். வட மாநிலங்களில் கொடுமை மிக அதிகம். 1977 தேர்தலில் இந்திரா காந்தி அரசு தோற்றதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பெயர் மாறியது, இலக்கு மாறவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் மாதத்துக்கு இத்தனை 'கேஸ்' என்று எண் இருந்தது. குறைந்தால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்கள். இரண்டாவது பிரசவம் ஆன பெண்ணைப் பார்க்கும்போதே மனது கணக்குப் போடும், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றாது. 1994-ல் கெய்ரோவில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிறகு, 1996-ல் நாடு முழுக்க இலக்கை நீக்கினார்கள். அன்றைக்குத்தான் ஒரு பெண்ணின் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினேன். அதற்கு முன் நான் கேட்காமலே முகாமுக்கு அழைத்துப்போன சில பெண்களைப் பிறகு தேடிப் போய்ப் பார்த்தேன், மன்னிப்பும் கேட்டேன்.

எப்பவும் பொம்பளைக்குத்தான் ஆபரேஷனா? ஆம்பளைக்குப் பண்ணா பெலன் போயிருமாமே?

போகாது. ஆணுக்குச் செய்வதில் விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. கத்தியில்லாத முறையை 1974-ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள், தையல் வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: செய்த உடனே பலன் கிடையாது, மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனை செய்த பிறகே நம்ப வேண்டும். இது தெரியாமல் கரு தங்கி, மனைவியைச் சந்தேகப்பட்டு அடித்த வீடு ஒன்றை நான் அறிவேன்.

பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் கல்யாணமான பெண்களில் அறுவை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 58 சதவீதம், ஆந்திராவில் சுமார் 70, கேரளத்தில் 47-ஐ ஒட்டி. ஆண்கள்? நாடு முழுக்க எடுத்தால் 1 சதவீதம்கூட இல்லை. எர்ணாகுளத்தில் ஆயிரக்கணக்கில் ஆண்கள் வந்தார்கள் என்றேன், எமர்ஜென்சி அவர்களை விரட்டிவிட்டது, சுமை முழுக்க இந்தப் பக்கம் சாய்ந்தது. 2014-ல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் முகாமில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்த பிறகு, 2016-ல் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

அந்த சாங்கர் அம்மா ஏழைகள் பெருகக் கூடாதுன்னு நெனச்சவங்களாமே? அவங்களைப் போய்ப் பெருமையாப் பேசுதீங்க?

ஒரு கல்லூரித் தம்பி கேட்டது. சரியான கேள்வி. சாங்கர், லண்டனில் 1921-ல் கிளினிக் திறந்த மேரி ஸ்டோப்ஸ், இருவருமே 'தகுதி இல்லாதவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தவர்கள். அதனாலேயே 2020-ல் நியூயார்க்கில் சாங்கர் பெயரை அவருடைய அமைப்பின் கிளினிக்கிலிருந்தே எடுத்தார்கள், ஸ்டோப்ஸ் பெயரில் இருந்த அமைப்பும் பெயரை மாற்றிக்கொண்டது. மாத்திரையை 1956-ல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் அதிக அளவு மருந்தோடு சோதித்தார்கள், இது சோதனை என்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1920-களின் கடைசியில் மதராசில் தொடங்கிய, மக்கள்தொகைப் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்ற மால்தூசியன் சங்கத்திலும் இருந்தவர்கள் நீதிபதிகள், வக்கீல்கள், மேல்சாதி ஆண்கள். ஏழையின் பிள்ளைகளை எண்ணிக் கவலைப்பட்டார்கள்.

இதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். பெரியார் வாதத்தை மேலே அவ்வளவு நீளமாகச் சொன்னதும் இதனால்தான்.

வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காதாமே?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 2021 திருத்தத்தில் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்கும் மத்திய அரசு விதிப்படி கணவர் கையெழுத்து தேவையில்லை. கேட்கிற ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அது அவர்கள் வழக்கம். "எந்த விதியில் இருக்கு, எழுதித் தாங்க" என்று கேளுங்கள்.

இப்ப நிறையப் பெத்துக்கச் சொல்லுதாங்களே, அப்ப இவ்வளவு நாள் சொன்னது தப்பா?

2024-ல் ஆந்திர முதல்வரும் நம் முதல்வரும் அப்படிப் பேசினார்கள். ஆந்திராவில் இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று 1994-லிருந்து இருந்த விதியை அதே வருடம் நீக்கினார்கள், அது நல்லதுதான். இந்தப் பேச்சுக்குக் காரணம் முதியோர் எண்ணிக்கை கூடுவதும், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையும் என்ற கவலையும். 2019-21 ஆய்வில் தமிழகத்திலும் கேரளத்திலும் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, ஆந்திராவில் 1.7 என்று இருந்தது, மக்கள்தொகை நிலையாக நிற்க 2.1 வேண்டும்.

அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் என் கையில் கொடுத்த இலக்கு அட்டையும் இதுவும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது, எண் மட்டும் மாறியிருக்கிறது. பிள்ளை வேண்டும் என்றால் பேறுகால விடுப்பு, குழந்தை காப்பகம், பகலில் வேலைக்குப் போகிறவளுக்குத் துணை, இவற்றைக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். இதெல்லாம் எப்படி அவகிட்டப் பேச?

வரலாற்றிலிருந்து தொடங்குங்கள், கூச்சம் இருக்காது. உங்கள் பாட்டி எத்தனை பெற்றாள், எத்தனை தங்கியது என்று சொல்லுங்கள். பிறகு மாதவிலக்குக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்புறம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதைச் சொல்லுங்கள்: நிரோத், தினமும் போடும் மாலா-என் மாத்திரை, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று, லக்னோ ஆய்வகத்தில் நம் நாட்டிலேயே கண்டுபிடித்தது), மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி. பத்து வருடம் வேலை செய்யும் காப்பர்-டி-யை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்த பிறகு கரு தங்கும். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்த அழுத்தமோ கடுமையான ஒற்றைத் தலைவலியோ இருந்தால் மாலா-என் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் அரசின் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மாப்பிள்ளையையும் கூட உட்கார வைத்துப் பேச முடிந்தால் பேசுங்கள். முடியாவிட்டால் இரண்டு பேரையும் என் வீட்டுக்கு அனுப்புங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன்.